கூரைக்குக் கீழே ஒரு நட்சத்திரம்

“கதவைத் திறந்தீங்கன்னா அவரு செத்தாரு அண்ணே!”

கௌஸின் கை தாழ்ப்பாளிலேயே நின்றுவிட்டது.

இருட்டறையில் சிவப்புத் தாள் சுற்றிய பல்பு ஒன்றுதான் எரிந்தது. சந்திரகலா ஃபிலிமின் இரண்டு முனைகளையும் இரண்டு கையில் பிடித்து, தட்டிலிருந்த மருந்துத் தண்ணீரில் தூளி ஆட்டுவதுபோல ஆட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கீற்று வெள்ளை வெளிச்சம் உள்ளே வந்தால் போதும், படம் மொத்தமும் கறுத்துவிடும். படம் போனால் அவள் புருஷன் இராமலிங்கமும் போய்விடுவார்.

கதவை மறுபடியும் தட்டினார்கள்.

“யாருலா அது?” என்றார் கௌஸ்.

“தம்புசாமி. படம் என்னாச்சு? ஐயா மத்தியானம் வந்துடுவாரு.”

“மத்தியானத்துக்கு இன்னும் நேரம் கிடக்கே.”

“டோக்கியோ மத்தியானம் அண்ணே. உங்க வயித்து மத்தியானம் இல்ல.”

சொல்லிவிட்டுச் சிரித்தான். ஜப்பான்காரன் வந்த கையோடு மலாயாக் கடிகாரங்களை எல்லாம் டோக்கியோவுக்குத் திருப்பி வைத்துவிட்டான். சூரியனுக்கு மட்டும் உத்தரவு போய்ச் சேரவில்லை. அது உச்சிக்கு வருவதற்கு முன்னாலேயே இங்கே மத்தியானம் ஆகிவிடும்.

தம்புசாமி சண்டைக்கு முன்னால் ரப்பர் கிடங்கில் எடை போட்டுக்கொண்டிருந்தவன். மாலை வகுப்பில் ஜப்பான் பாஷை படித்து, இப்போது ராணுவ போலீசுக்கு மொழிபெயர்ப்பாளன். பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் அவன் சைக்கிள் எந்த வீட்டு வாசலில் நிற்கிறதோ, அந்த வீட்டில் அன்றைக்குச் சோறு இறங்காது.

இன்று விடிந்ததும் அந்தச் சைக்கிள் சந்திரகலா வீட்டு வாசலில் நின்றது. பின்னாலேயே போலீஸ் லோரி.

*

இராமலிங்கம் ரயில்வே தந்தி கிளார்க். குடி இல்லை, சீட்டு இல்லை. ஒரே ஒரு பைத்தியம், வானம். ஒவ்வொரு டிசம்பரிலும் மிதுன ராசிப் பக்கமிருந்து எரிநட்சத்திரங்கள் மழை மாதிரி கொட்டும். கௌஸின் ரோஷன் ஸ்டூடியோவிலிருந்து மடக்குக் கேமரா ஒன்றை வாங்கிக்கொண்டு போய், அந்த மழையை ஃபிலிமில் பிடிக்கப் பார்ப்பார். சந்திரகலா அதே ஸ்டூடியோவில் நெகட்டிவ்களில் தழும்பும் பருவும் நீக்குகிற வேலை பார்ப்பவள். புருஷன் பைத்தியத்துக்கு மருந்துச் செலவில்லாமல் கழுவித் தருவதும் அவள்தான்.

இந்த டிசம்பரில் ஒரு தொல்லை. பௌர்ணமி முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. நிலா பாலாய்க் காய்ந்தது. நிலா வெளிச்சம் லென்ஸில் விழுந்தால் ஃபிலிம் சாம்பலாகிவிடும். வழக்கமாக அவர் கேமரா வைக்கிற இடம் முன்பக்கத்துத் திடல். அங்கே மறைப்பு இல்லை. ஆகவே நேற்று ரயில்வே கோட்டர்ஸ் வீட்டு வரிசைக்குப் பின்னால், மேட்டில் நிற்கும் தண்ணித் தொட்டியின் நிழலுக்குப் போனார். தொட்டி நிலாவை மறைத்தது. லென்ஸ் நிழலில் இருந்தது. ஒரு சுருட்டு எரிகிற நேரம் ஷட்டரைத் திறந்து வைத்தார்.

ஆனால் அங்கிருந்து பார்த்தால் வானம் மட்டும் தெரியாது. கோட்டர்ஸ் வீடுகளின் பின்புறச் சமையற்கட்டுகள், அந்தக் குசினி வரிசை தெரியும். அதை ஒட்டி ரயில் பாதையும், சிக்னல் கம்பமும் தெரியும். நிலா இல்லாத வருஷமாக இருந்தால் இந்தக் கதையே இல்லை.

அதே ராத்திரிதான் கிள்ளான் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் வேலைக்குப் பிடித்து ஏற்றிய ஆட்களோடு கூட்ஸ் வண்டி ஒன்று அந்தச் சிக்னலில் நின்றது. மறுபடி நகர்ந்தபோது பாதிப் பெட்டி காலி. காவல்காரன் கோட்டர்ஸ் பக்கம் ஒரு வெளிச்சம் கண்டதாகச் சொன்னான். காவல் எந்தக் கோடியில் இருக்கிறது என்று யாரோ பெட்டிக்குள் இருந்தவர்களுக்கு விளக்கைக் காட்டித் தெரியப்படுத்தியிருக்கிறார்கள். யார்?

“இராமலிங்கம்தான் ராத்திரி தொட்டிகிட்ட நின்னாரு,” என்றான் அதே வரிசையில் குடியிருக்கும் பழனியப்பன், கேட்கிறதுக்கு முன்னாலேயே.

லோரி வாசலில் நின்றபோது சந்திரகலா ஃபிலிம் சுருளை மரவள்ளி மாவு டின்னுக்குள் அமுக்கினாள். போலீசுக்குக் காலிக் கேமராதான் கிடைத்தது.

“அந்த வெளிச்சம்?” என்று தம்புசாமி கேட்டான்.

இராமலிங்கம் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு, “என்னோடதுதான். லென்ஸ் நம்பர் பார்க்க டார்ச் அடிச்சேன். எரிநட்சத்திரம் படம் எடுத்தேன், வேற ஒண்ணும் இல்ல,” என்றார்.

“அப்ப படத்தைக் காட்டச் சொல்லு. வானம் இருந்தா பார்ப்போம். இல்லாட்டி சுவர்ப்பக்கம் நிக்க வேண்டியதுதான்.” லோரியில் வந்த ஜப்பான் அதிகாரி சொன்னதைத் தம்புசாமி அப்படியே, கொட்டாவி விட்டுக்கொண்டு தமிழில் சொன்னான்.

*

“வந்துருச்சு!” என்றாள் சந்திரகலா.

எட்டுப் படத்தில் ஏழு சாம்பல். ஒன்று தேறியது. கழுவி, படத்தை நிலைக்க வைக்கும் ஹைப்போ மருந்தில் ஊறவிட்டு, பிறகு விளக்கைப் போட்டார்கள். கௌஸ் ஈர ஃபிலிமை மருந்து பூசிய பக்கம் தன் முகத்தைப் பார்க்கும்படி தூக்கிப் பிடித்தார். ஈரத்தில் அந்தப் பக்கம் நகம் பட்டால் உரிந்துவிடும் என்கிற பயம்.

சாம்பல் வானத்தில் நட்சத்திரங்கள் சின்னச் சின்ன வளைவுகளாக நகர்ந்திருந்தன. அவற்றை வெட்டிக்கொண்டு இரண்டு நேர்கோடுகள். மயிர் இழை போல ஆரம்பித்து, நடுவில் தடித்து, மறுபடி இழையாகிற கோடுகள். இரண்டும் அசல் எரிநட்சத்திரம்.

“அல்ஹம்துலில்லா! தப்பிச்சாரு மனுசன்,” என்ற கௌஸின் குரல் சட்டென்று இறங்கியது. “தங்கச்சி. இது என்ன?”

படத்தின் கீழ்ப்பக்கம். நிலா வெளிச்சத்தில் குசினி வரிசை தெளிவாக விழுந்திருந்தது. அதில் ஒரு கூரைக்கு அடியில், மிளகு அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி. நெகட்டிவில் கறுப்பு என்றால் அசலில் வெளிச்சம்.

“தூசியா இருக்கும்,” என்றாள்.

“தூசியா? முப்பது வருசமா ஃபிலிம் பார்க்கிறேன், என்கிட்டயா?”

“இல்லாட்டி நட்சத்திரம்.”

“கூரைக்குக் கீழ எங்கலா நட்சத்திரம் வரும்?”

கௌஸ் பூதக்கண்ணாடியை எடுத்தார்.

“விளக்கு. அசையாம நின்ன விளக்கு. நடந்து போற ஆளு இந்த மாதிரிப் படத்துல விழவே மாட்டான். நின்னாத்தான் விழும். யாரோ வேணும்னே நின்னு காட்டியிருக்காங்க.” விரலால் எண்ணினார். “இடது கோடியிலேருந்து ஒண்ணு… ரெண்டு. உங்க வரிசையில இடது கோடியிலேருந்து ரெண்டாவது யாரு வீடு?”

“பழனியப்பன் வீடு.”

“அட பாவி!” கௌஸ் தொடையைத் தட்டினார். “அவன் விளக்கைக் காட்டிட்டு, அடுத்தவனைக் காட்டிக் கொடுத்திருக்கான். அதான் கேட்கிறதுக்கு முன்னாடியே வாயைத் திறந்திருக்கான்! தங்கச்சி, ஒண்ணும் பண்ண வேணாம். இதை இப்படியே குடு. உன் புருசன் வெளிய, அவன் உள்ள.”

சந்திரகலா ஃபிலிமை வாங்கினாள். வாங்கியவள் அலமாரிக்கு மேலே கையை விட்டு ஒரு பாட்டிலை எடுத்தாள். அடியில் கொஞ்சம் சம்சு இருந்தது. நெகட்டிவைச் சாராயத்தில் நனைத்து விசிறினால் சடுதியில் காயும். ஸ்பிரிட்டுக்கு ஊரில் எங்கே போவது?

“மெதுவா ஊத்து. நான் அதை வச்சிருக்கேன்னு பள்ளிவாசல்ல யாருக்கும் தெரியாது.”

“குடிக்கிறதுக்கு இல்லன்னு சொல்லுங்க.”

“சொன்னா நம்புவானுங்களா?”

அவள் சிரிக்கவில்லை. பனை விசிறியால் விசிறிக்கொண்டே இருந்தாள். கௌஸ் அவளையே பார்த்தார்.

“எனக்கு ஒண்ணு இடிக்குது. டார்ச்னு சொன்னாரே இராமலிங்கம். பேட்டரி ஊர்லயே கிடையாது. மஸ்ஜித் இந்தியாக் கடைவீதி முழுக்க நானே அலைஞ்சிட்டேன். உங்க வீட்டு டார்ச்சு ஒரு வருசமாத் துருப்பிடிச்சுக் கிடக்கு. ஏன் பொய் சொன்னாரு?”

“பயத்துல சொல்லியிருப்பாரு.”

“பயந்தவன் ‘என்னோடது இல்ல’ம்பான். ‘என்னோடதுதான்’னு சொல்றவன் யாரையோ மறைக்கிறான். யாரை?”

“அண்ணே, ரீடச்சிங் கத்தியை எடுங்க.”

“எதுக்கு?”

“அந்தப் புள்ளியைச் சுரண்டப் போறேன்.”

கௌஸ் திகைத்துப் போனார். கல்யாணப் பெண்ணின் நெற்றி மினுமினுப்பைக் குறைக்கிற கத்தி அது. நெகட்டிவில் கறுப்பான இடத்தை மெல்லச் சுரண்டினால் படத்தில் அந்த இடம் இருண்டுவிடும். வெளிச்சம் இருந்த சுவடே போய்விடும்.

“உனக்குப் புத்தி பிசகிப்போச்சா? அந்தப் புள்ளிதான் உன் புருசன் உயிரு. வெளிச்சம் அவருகிட்ட இல்ல, அங்க இருந்துச்சுன்னு காட்டுற ஒரே சாட்சி!”

“பழனியப்பனுக்கு மூணு பிள்ளைங்க.”

“அவன் உன்னை நினைச்சானா? உன் தம்பி ஜெயராஜை கிள்ளான்ல வச்சுப் பிடிச்சு ஏத்தினப்ப எவனாவது வாயைத் திறந்தானா? போனவன் போனவன்தான்.”

தம்பி பெயர் வந்ததும் அவள் கை ஒரு நொடி நின்றது. பிறகு கண்ணாடிச் சாய்மேசையில் நெகட்டிவை வைத்து, ஒற்றைக் கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு குனிந்தாள். கத்தி நுனி, எறும்பு ஊர்வதுபோல ஊர்ந்தது.

“கையை ஆட்டாத. பாத்து,” என்றார் கௌஸ், கோபத்தை அடக்கிக்கொண்டு. “செட்டியார் வீட்டுப் பொண்ணுக்கு மூக்குத்தியை இடம் வலமா மாத்தி வரைஞ்சவதானே நீ. மருந்துப் பக்கம் பார்த்து வரைஞ்சிட்டு, மாப்பிள்ளை வீட்டுக்காரன் இது வேற பொண்ணுன்னு சண்டைக்கு வந்தானே.”

“ஒரு தடவைதான் அண்ணே அந்தத் தப்பைப் பண்ணுவேன்.”

*

அதிகாரி முன்கூடத்தில் மாப்பிள்ளைமார் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பின்னால் திரையில் வரைந்த தாமரைக் குளமும் இரண்டு அன்னமும். யாரும் சிரிக்கவில்லை.

தாளில் பதித்துத் தந்த படத்தை ஏந்திப் பார்த்தார். இரண்டு கோடுகளையும் விரலால் தொடர்ந்தார். ஏதோ சொன்னார்.

“நல்லா விழுந்திருக்குங்கிறாரு,” என்றான் தம்புசாமி. “நெகட்டிவையும் கேட்கிறாரு.”

சந்திரகலா கொடுத்தாள். தம்புசாமி அதை வாங்கி அதிகாரியிடம் நீட்டுவதற்கு முன், ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சாய்த்துப் பார்த்தால் சுரண்டிய இடத்தில் மட்டும் பளபளப்பு செத்துப்போயிருக்கும். அது தெரிந்தவன்தான் சாய்ப்பான்.

அவன் முகத்தில் சிரிப்பு மாறவே இல்லை. அதிகாரியைப் பார்த்துக்கொண்டே, தமிழில், ஏதோ விலாசம் விசாரிக்கிற தொனியில் கேட்டான்:

“முகத்தைச் சுத்தம் பண்ற மாதிரி வானத்தையும் சுத்தம் பண்ணுவீங்களா அக்கா?”

சந்திரகலாவும் விலாசம் சொல்கிற தொனியிலேயே சொன்னாள்:

“பழைய ஃபிலிம் தம்பி. பூஞ்சை பிடிச்சிருந்துச்சு.”

“பூஞ்சை சரியா ஒரு குசினியைப் பார்த்துப் பிடிச்சிருக்கு.”

“பூஞ்சைக்கு என்ன தெரியும்?”

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். என்ன பேசுகிறீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். தம்புசாமி ஜப்பான் பாஷையில் நீளமாக ஒன்று சொன்னான். அவள் அவன் உதட்டையே பார்த்தாள். ஒரு வார்த்தை பிடிபடவில்லை. அந்த நீளத்துக்குள் எத்தனை பேர் கழுத்து இருக்கிறதோ!

அதிகாரி இரண்டு சொல்லில் பதில் சொன்னார். படத்தை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

“என்னலா சொன்னாரு?” கௌஸ் தம்புசாமியின் கையைப் பிடித்தார்.

“ஸ்பை இல்லைன்னு ஒத்துக்கிட்டாரு. சுடமாட்டாங்க.”

“அல்லா!”

“இருங்க அண்ணே. ராத்திரியெல்லாம் கண் முழிச்சு வானம் பார்க்கிற அளவுக்குத் தெம்பு இருக்குல்ல, சயாம்ல பாதை போடட்டும்னு சொல்லிட்டாரு. இன்னைக்கே. கிள்ளான் வண்டி யார்டுக்கு வருது. இருட்டினதும் அதுல ஏத்துறாங்க.”

சயாமுக்குப் போனவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை. கௌஸ் சந்திரகலாவைப் பார்த்த பார்வையில், புள்ளியை விட்டு வைத்திருந்தால் இந்நேரம் உன் புருஷன் வீட்டில் இருப்பார் என்று எழுதி ஒட்டியிருந்தது. அவள் தம்புசாமி பக்கம் திரும்பினாள்.

“பார்க்க விடுவாங்களா?”

“மாட்டாங்க.” தம்புசாமி சைக்கிளை எடுத்தான். ஏறப் போனவன் காலை ஊன்றினான். “வண்டி சிக்னல்ல நிக்கும். எப்பவும் நிக்கிறதுதானே. காவல்காரன் இன்னைக்கு ஒரே ஆளு. எஞ்சினுக்கும் கடைசிப் பெட்டிக்கும் நடையா நடக்கணும். உள்ள இருக்கிறவங்களுக்கு அவன் எந்தக் கோடியில இருக்கான்னு எப்படித் தெரியும், பாவம்.”

“இதை ஏன் தம்பி என்கிட்ட சொல்றீங்க?”

“ஊர்க் கதை சொன்னேன். தப்பா?” பெல்லை ஒரு தட்டுத் தட்டினான். “ஆங், மறந்தே போயிட்டேன். இராமலிங்கம் அண்ணன் உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாரு. ‘இன்னைக்கு நிலா லேட்டாத்தான் வரும்’னு. என்ன அர்த்தம்?”

“அவருக்கு எப்பவும் வானத்து நினைப்புதான்.”

“அப்படித்தான் நானும் நினைச்சேன்,” என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தானா, இல்லை தூண்டிலைப் போட்டுவிட்டுப் போகிறானா என்பது அவன் முதுகைப் பார்த்துத் தெரியவில்லை.

“நம்பாத. இவன் வலை விரிக்கிறான். நீ ராத்திரி வெளிய தலை காட்டக்கூடாது, கேட்டியா?” என்றார் கௌஸ்.

“கேட்டேன் அண்ணே.”

*

இருட்டியதும் கூட்ஸ் வண்டி முனகிக்கொண்டு வந்து சிக்னலில் நின்றது. நிலா இன்னும் எழவில்லை. கோட்டர்ஸ் வரிசையில் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. பழனியப்பன் வீட்டில் ஒரு பிள்ளை அழுது, யாரோ வாயைப் பொத்த, அடங்கியது.

சந்திரகலா குசினிக்குள் போய்த் தாழ் போட்டாள். ஜன்னல் இடுக்கில் பார்த்தாள். காவல்காரனின் லாந்தர் கடைசிப் பெட்டிப் பக்கம் ஆடிக்கொண்டிருந்தது. சந்துக்குள் எங்கேயோ ஒரு சைக்கிள் பிரேக் கிறீச்சிட்டது. தம்புசாமியா? தனியாகவா, ஆட்களோடா? தெரியாது. லாந்தர் திரும்பி எஞ்சின் பக்கம் நகர ஆரம்பித்தது.

அவள் விறகு அடுக்கை நகர்த்தினாள்.

அடியில் ஒரு ரயில்வே கைவிளக்கு இருந்தது. மூன்று பக்கம் தகரம் வைத்து அடைத்து, ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி. அதைப் பாதைப் பக்கம் திருப்பினால் பெட்டிக்குள் இருப்பவர்களுக்கு மட்டும்தான் தெரியும். பாதைக்கும் அப்பால், எதிர் மேட்டில், தொட்டி நிழலில் ஒருவர் கேமராவோடு நிற்கிறார் என்பது நேற்று அவளுக்குத் தெரியாது. திடலுக்குப் போயிருக்கிறார் என்றுதான் நினைத்திருந்தாள்.

கௌஸ் அவசரத்தில் மருந்துப் பக்கம் பார்த்து எண்ணிவிட்டார். அந்தப் பக்கம் பார்த்தால் இடது வலதாகும். அந்தப் புள்ளி இருந்தது இடது கோடியிலிருந்து இரண்டாவது குசினியில் இல்லை. வலது கோடியிலிருந்து இரண்டாவதில். இந்தக் குசினியில். தம்பி ஜெயராஜை ஏற்றிக்கொண்டு போன வண்டிக்கு அப்புறம், இங்கே நின்ற ஒவ்வொரு வண்டிக்கும் விளக்குக் காட்டியவள் அவள்தான். பழனியப்பன் தலையில் அதைக் கட்ட அவளால் முடிந்திருக்கும். புள்ளியைச் சுரண்டாமல், ஃபிலிமைத் திருப்பி வைத்துத் தாளில் பதித்திருந்தால் போதும்.

லாந்தர் எஞ்சினுக்கு அப்பால் மறைந்தது. அவள் திரியை ஏற்றி, ஜன்னலைத் திறந்து, விளக்கைக் கூரை ஓரம் தூக்கிப் பிடித்தாள்.

மூன்றாவது பெட்டியின் கதவு ஒரு சாண் நகர்ந்தது. பிறகு ஒரு முழம். ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கி, இருட்டில் திசை தெரியாமல் குனிந்து தடவினார்கள்.

முதலில் குதித்தவர் மட்டும் தடவவில்லை. நிமிர்ந்து நின்று, வலது கோடியிலிருந்து இரண்டாவது குசினியை நேராகப் பார்த்தார். பிறகு மற்றவர்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தொட்டி மேட்டுப் பக்கம் ஓடினார்.

அந்த வெளிச்சம் யாருடைய கையிலிருந்து வருகிறதென்று இராமலிங்கத்துக்கு நேற்று ராத்திரியே தெரியும்.